தேரியில் நடக்கப் போறீங்களா?
வாசகர் கேள்வி – பதில்

திருச்செந்தூருக்கும் சாத்தான்குளத்துக்கும் நடுவில் செக்கச்செவேலென்ற மணல்மேடுகளாகக் கிடக்கிறது தேரிக்காடு. அங்கே கூட்டாக நடைப்பயணம் போவது பற்றி நிறையக் கேள்விகள் வந்தன. ஒரே மாதிரி வந்தவற்றைச் சேர்த்து இங்கே பதில் தந்திருக்கிறோம்.

எங்க வீட்டுப் பிள்ளைகள் ரீல்ஸ் பார்த்துவிட்டு "தமிழ்நாட்டுப் பாலைவனம்" என்கிறார்கள். தேரி நிஜமாகவே பாலைவனம்தானா?
– வீரவநல்லூர் வாசகர்

பார்க்க அப்படித்தான் இருக்கும், ஆனால் இல்லை. ஆண்டுக்கு 250 மில்லிமீட்டருக்குக் கீழே மழை பெய்யும் இடத்தைத்தான் பாலைவனம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். தேரிப் பக்கம் அதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் பெய்கிறது. பெரும்பகுதி ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வந்துவிடும். வித்தியாசம் என்னவென்றால், பெய்கிற மழை மேலே நிற்காது. மணல் குடித்துவிடும். குடித்த தண்ணீர் அடியில் இறுகிய மண்ணில் தட்டி, தேரியின் ஓரங்களில் சுனையாகக் கசியும். சரிவில் தருவையாக, அதாவது ஆழமில்லாத ஏரியாகத் தேங்கும். புத்தன் தருவை, வைரவன் தருவை என்று ஊர்ப்பெயரிலேயே அந்தத் தண்ணீர் இருக்கிறது. மேட்டில் நின்றால் வறட்சி, கீழே இறங்கினால் வாழைத் தோட்டம். இந்த முரண்தான் தேரி.

மண் எப்படி வந்தது என்பதற்குப் பழைய மாவட்டக் குறிப்புகளில் உள்ள விளக்கம் இது. வைகாசியிலிருந்து ஆவணி வரை ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக இறங்கும் மேல்காற்று, நாங்குநேரிப் பக்கத்துச் செம்மண்ணைப் புழுதியாக வாரிக் கடலோரம் வரை கொண்டுவந்து கொட்டியது. நிறத்துக்குக் காரணம் இரும்பு. ஒரு பிடி மணலை உள்ளங்கையில் வைத்துத் தண்ணீர் விட்டுத் தேய்த்துப் பாருங்கள். கையில் குங்குமம் மாதிரி ஒட்டும். கழுவக் கழுவ அடியில் நிற்பது வெளுத்த குவார்ட்ஸ் மணிதான். ஒவ்வொரு மணிக்கும் மேலே இரும்பு ஆக்சைடு சட்டை போட்டிருக்கிறது, அவ்வளவே. காற்று இழைத்த மடிப்புகளில் கறுப்புக் கோடு தெரிந்தால் அது இல்மனைட் முதலான கனிமம். கனமானது என்பதால் காற்று அதைப் பின்னால் விட்டுப் போகிறது.

நாங்கள் 14 பேர். மூன்று நாள் லீவு. தேரியையும் சுற்றியுள்ள பழமையான இடங்களையும் நடந்து பார்க்க ஒரு திட்டம் சொல்லுங்கள். எந்த மாதம் நல்லது?
– பாளையங்கோட்டை வாசகி

முதலில் மாதம். மார்கழி பாதியிலிருந்து மாசி வரைதான் நடக்க ஏற்ற காலம். அடைமழை முடிந்து மணல் கொஞ்சம் இறுகியிருக்கும், கால் அதிகம் புதையாது. பங்குனிக்கு மேல் வெயில் விடாது. ஆனி, ஆடியில் காற்று. மணலை வாரி முகத்தில் அறையும், கண்ணைத் திறக்கவே முடியாது. பனங்கிழங்கு வேண்டுமென்றால் தை, பதனீர் வேண்டுமென்றால் மாசி. இரண்டும் ஒரே வாரத்தில் கிடைக்க வேண்டும் என்று அடம்பிடிக்காதீர்கள். கந்த சஷ்டி, தைப்பூசம், குலசை (குலசேகரன்பட்டினம்) தசரா நாட்களில் திருச்செந்தூரில் அறை கிடைக்காது, சாலையும் நகராது. அந்தக் கூட்டத்தைப் பார்க்கவே போகிறீர்கள் என்றால் அது வேறு பயணம்.

திருச்செந்தூரில் தங்கிக்கொள்ளுங்கள். மூன்று நாளும் ஒரே அறை. தினம் மூட்டை கட்டி அவிழ்ப்பதில்தான் கூட்டுப் பயணத்தில் பாதிச் சண்டை வரும்.

முதல் நாள் மணலைத் தொடவே வேண்டாம். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் பாசஞ்சரில் காலையில் ஏறி ஆழ்வார்திருநகரியில் இறங்குங்கள். நம்மாழ்வார் பிறந்த ஊர். ஆதிநாதர் கோயிலில் உறங்காப்புளி என்ற பழைய புளியமரத்தைப் பார்த்துவிட்டு நடை சாத்துமுன் வெளியே வந்துவிடுங்கள். அங்கிருந்து வேனில் ஆதிச்சநல்லூர். 1876-இல் ஜெர்மானியரான யாகோர் முதலில் தோண்டிய முதுமக்கள் தாழிக்காடு அது. அதன்பின் அலெக்சாண்டர் ரீ, 2004-இல் தொல்லியல் துறை என்று பலமுறை அகழாய்வு நடந்தது. இப்போது தாழிகளைக் கிடந்த இடத்திலேயே வைத்துக் கண்ணாடித் தரைக்கு மேலே நின்று பார்க்கும்படி செய்திருக்கிறார்கள். மாலையில் மணப்பாடு. ஊரிலிருந்து கடலோர மணல்மேட்டுத் திருச்சிலுவை ஆலயம் வரை நிதானமாக நடக்கலாம். புனித சவேரியார் 1542-இல் இந்தக் கரைக்கு வந்தவர். அவர் தங்கியதாகச் சொல்லும் கடல்குகை ஆலயத்துக்குக் கீழே இருக்கிறது. கால்களுக்கு மணலைப் பழக்குவதற்கும் இந்த நடை உதவும். ஷூ எங்கே கடிக்கிறது என்பது அன்றே தெரிந்துவிடும்.

இரண்டாம் நாள்தான் தேரி. 5.15-க்கு வேன் கிளம்ப வேண்டும். 14 பேர் என்றால் 4.30-க்கே எழுப்புங்கள், பிறகு எப்படியும் கால் மணி நேரம் போகும். தேரிக்குடியிருப்பு கற்குவேல் அய்யனார் கோயில் பக்கம் வண்டியை விட்டுவிட்டு, வெளிச்சம் வந்ததும் 6 மணிக்கு நடை. தை மாதம் சூரியன் 6.35-க்கு மேல்தான் தலைகாட்டும். அந்த முதல் அரை மணி நேரத்தில் மணல் ரத்தச் சிவப்பாகத் தெரியும். 9 மணி வெயிலில் அதுவே வெளிறிக் காவியாகிவிடும். படம் எடுப்பவர்களுக்குச் சொல்லிவையுங்கள்.

தூரம் 5, மிஞ்சினால் 6 கிலோமீட்டர், அதுவும் சுற்றி வரும் பாதையாக. இது ஒரு தூரமா என்று சிரிப்பார்கள். உதிரி மணலில் நடக்க, கெட்டித் தரையில் அதே வேகத்தில் நடப்பதைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி செலவாகும் என்று அளந்தே சொல்லியிருக்கிறார்கள். ரோட்டில் மணிக்கு 5 கிலோமீட்டர் நடப்பவர் தேரியில் இரண்டு, இரண்டரைதான் நடப்பார். 9.30-க்குள் வண்டிக்குத் திரும்பிவிடவேண்டும். இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள். "அந்த மேட்டையும் பார்த்துட்டு வந்துருவோம்" என்று ஒருவர் சொல்வார், எல்லாரும் தலையாட்டுவார்கள். அந்த மேடு கண்ணுக்குத்தான் பக்கம். பகல் முழுக்க ஓய்வு. நாலு மணிக்கு மேல் உடன்குடி, குலசேகரன்பட்டினம்.

மூன்றாம் நாள் காலை மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயில். செம்மணலுக்கு நடுவே மரங்களும் சுனையும். முதல் கேள்விக்கு எழுதிய பதிலை அங்கே நேரில் காணலாம். பிறகு வேனில் மெய்ஞானபுரத்து உயர்ந்த கோபுரத் தேவாலயம், முதலூர், இடையன்குடி. திராவிட மொழிகளுக்கு ஒப்பிலக்கணம் எழுதிய கால்டுவெல் 1841-இல் இடையன்குடிக்கு வந்து அரை நூற்றாண்டு வாழ்ந்த ஊர் அது. அவர் கட்டிய ஆலயத்துக்குள்ளேயே அவரை அடக்கம் செய்திருக்கிறார்கள். முதலூரில் மஸ்கோத் அல்வா வாங்க மறக்காதீர்கள். தேங்காய்ப்பால் விட்டுக் கிண்டுவது, நம்ம இருட்டுக்கடை அல்வா மாதிரி நெய் வழியாது. நேரம் மிச்சமிருந்தால் உவரிக் கடற்கரை. இல்லையென்றால் விட்டுவிடுங்கள், ஓடி ஓடிப் பார்த்து என்ன?

1986 அக்டோபரில் தூத்துக்குடி தனி மாவட்டமானதில் தேரியின் பெரும்பகுதி அந்தப் பக்கம் போய்விட்டது. இடையன்குடியும் உவரியும் நெல்லையில். பேச்சும் சாமியும் சாப்பாடும் இரண்டு பக்கமும் ஒன்றுதான்.

ஒருவருக்கு எவ்வளவு தண்ணீர் எடுத்துப் போக வேண்டும்? குளுக்கோஸ் போதுமா?
– சங்கரன்கோவில் வாசகர்

மூன்றரை மணி நேர நடைக்கு ஆளுக்கு 2 லிட்டர், அவரவர் முதுகில். "என்கிட்ட இருக்கு, நீ தூக்க வேண்டாம்" என்பதெல்லாம் கூடாது. இது தவிர ஏழு பேருக்கு ஒருவர் 2 லிட்டர் உபரியாகச் சுமக்க வேண்டும், அவசரத்துக்கு மட்டும். வேனில் 20 லிட்டர் கேன் இரண்டு இருக்கட்டும்.

ஒரு லிட்டர் பாட்டிலை மொத்தமாகக் கவிழ்க்காமல் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து வாய் குடியுங்கள். குளுக்கோஸ் மட்டும் போதாது, ஏனென்றால் வியர்வையில் போவது உப்பு. மருந்துக்கடை ஓ.ஆர்.எஸ். பாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். அது இல்லையென்றால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டும் தலைதட்டி. உப்பு கூடினால் வாந்தி வரும், அதனால் கண்ணளவு வேண்டாம். வெறும் தண்ணீரையே லிட்டர் லிட்டராகக் குடித்தாலும் ரத்தத்தில் உப்புக் குறைந்து தலைவலியும் குமட்டலும் வரும். அதை வெயில் மயக்கம் என்று நினைத்து மேலும் தண்ணீர் கொடுப்பதுதான் வழக்கமாக நடக்கிற தப்பு.

தலைசுற்றல், கெண்டைக்கால் பிடிப்பு என்றால் நிழல், ஓய்வு, ஓ.ஆர்.எஸ். பேச்சு குழறினாலோ, உடம்பு கொதித்து ஆள் நிதானம் தவறினாலோ அது வெயில் அடி. வாயில் எதையும் ஊற்றாதீர்கள். துணியை நனைத்துக் கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் போட்டு விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிடுங்கள்.

ஷூ போடலாமா, செருப்பு போதுமா? வெறுங்காலோடு நடந்தால் ஆரோக்கியம் என்கிறார்களே?
– அம்பாசமுத்திரம் வாசகி

ஏழரை மணிக்குள் வெறுங்கால் சுகம். அதற்குப் பிறகு மணல் உள்ளங்காலைப் பொசுக்கும். சூட்டைவிட மோசம் முள். தேரியில் நிழல் தரும் உடைமரம் குடை மாதிரி விரிந்து அழகாக நிற்கும். அடியில் வெள்ளை முள் விரல் நீளத்துக்கு உதிர்ந்து மணலில் பாதி புதைந்து கிடக்கும். ரப்பர் செருப்பைக் குத்திக்கொண்டு மேலே வந்துவிடும். நிழலைப் பார்த்ததும் அப்படியே உட்காராமல், முதலில் காலால் மணலைத் தள்ளிப் பார்த்துவிட்டு விரிப்புப் போடுங்கள்.

கெட்டி அடிப்பாகம் உள்ள பழகிய ஷூ நல்லது, புதுசு வேண்டாம். வலை வலையாக ஓட்டை உள்ள ரன்னிங் ஷூவில் பொடிமணல் புகுந்து, அரை மணி நேரத்தில் சாக்ஸும் தோலும் உரசிக் கொப்புளமாகும். பழைய சாக்ஸின் பாதத்தை வெட்டி எறிந்துவிட்டு, மேல்குழாயை மட்டும் கணுக்காலில் மாட்டி ஷூவின் வாய்மேல் இழுத்துவிட்டால் போதும், பெரும்பாலான மணல் வெளியே நின்றுவிடும். குதிகாலில் சுள்ளென்று சூடு தெரிந்த உடனே நின்று பிளாஸ்திரி ஒட்டுங்கள். "அங்க போய்ப் பாத்துக்கலாம்" என்றால் அங்கே கொப்புளத்தைத்தான் பார்ப்பீர்கள்.

மேடு ஏறும்போது நேரே ஏறாமல் கோணலாக, காலடியைக் குறுக்கி, முன்னால் போகிறவரின் தடத்திலேயே மிதியுங்கள். காற்று அடிக்கிற பக்கத்துச் சரிவு இறுகியிருக்கும், மறுபக்கம் சரியும். ஏறுவது இறுகிய பக்கம், இறங்குவது சரியும் பக்கம், குதிகாலை ஊன்றி.

தேரியில் புதைமணல் உண்டா? ஆள் உள்ளே போய்விடுவார்களாமே?
– கடையம் வாசகர்

காய்ந்த மணல் ஆளை விழுங்காது. கணுக்கால், மிஞ்சினால் அரைக் கெண்டைக்கால் புதையும். அக்காலத்தில் காற்றடித்து மணல் நகர்ந்து வயலையும் வீட்டையும் மூடியது உண்மை. பனையும் கொல்லாமரமும் (முந்திரி) உடைமரமும் நட்டபிறகுதான் அது அடங்கியது. அந்தக் கதை காதுக்குக் காது மாறி ஆளை விழுங்கும் மணலாகிவிட்டது.

நிஜ ஆபத்து வழி தவறுவது. எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரே சிவப்பு, ஒரே பனை. காற்று கொஞ்சம் வீசினாலும் உங்கள் தடம் அரை மணி நேரத்தில் அழிந்துவிடும். போன் சிக்னல் மேட்டில் இருக்கும், பள்ளத்தில் இருக்காது. ஆகவே நடக்கத் தொடங்குமுன் வண்டி நிற்கும் இடத்தைப் போன் வரைபடத்தில் குறித்து, அந்தப் பகுதியை இணையம் இல்லாமலும் தெரியும்படி இறக்கி வையுங்கள். 14 பேரை ஏழு ஏழாகப் பிரியுங்கள். ஒவ்வொரு ஏழுக்கும் முன்னால் ஒருவர், கடைசியில் ஒருவர், இருவரிடமும் விசில். கடைசி ஆளுக்குப் பின்னால் யாரும் நிற்கக்கூடாது, படம் எடுக்கிறவர் உட்பட. ஒவ்வொரு மேட்டிலும் எண்ணுங்கள். தவறிவிட்டதாகத் தெரிந்தால் அலையாமல் உயர்ந்த மேட்டில் நின்று மூன்று விசில். ஊர்க்காரர் ஒருவரைக் கூலி பேசிக் கூட்டிப்போவது எல்லாவற்றையும்விட மேல். அதிலும் பனையேறுகிறவர் கிடைத்தால் விடாதீர்கள். நமக்கு ஒரே மாதிரித் தெரிகிற பனைகளை அவர் ஒவ்வொன்றாக அறிவார்.

பாம்பு பயம் இருக்கிறது. என்ன செய்ய?
– களக்காடு வாசகி

அதிகாலைக் குளிரில் மணல் மேலே வெயில் காயக் கிடக்கலாம். சுருட்டை விரியன் மணல் நிறத்திலேயே இருக்கும். புதர், ஓலைக்குவியல், கல் இடுக்கில் கை விடாதீர்கள். உதிர்ந்த பனைமட்டையைக் காலால் புரட்டாதீர்கள். முன்னால் போகிறவர் கம்பு தட்டிக்கொண்டு போகட்டும்.

கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, கயிறு போட்டு இறுக்குவது எதுவும் கூடாது. மோதிரம், கொலுசைக் கழற்றுங்கள், வீங்கிய பிறகு கழறாது. கடிபட்ட கையையோ காலையோ கம்பு வைத்து அசையாமல் கட்டி, நடக்கவிடாமல் தூக்கி வண்டிக்குக் கொண்டுபோங்கள். கடித்த நேரத்தைக் குறித்துக்கொண்டு அரசு மருத்துவமனைக்குத்தான் போகவேண்டும், விஷமுறிவு மருந்து அங்கே இருக்கும். பாம்பைத் தேடி அடித்துக் கொண்டுபோக வேண்டியதில்லை.

பெண்கள் அதிகம் உள்ள குழு. கழிப்பறைக்கு என்ன வழி? இதை யாரும் எழுதுவதே இல்லை.
– தென்காசி வாசகி

உண்மைதான், எழுதாததால் பலர் தண்ணீரே குடிக்காமல் நடந்து மயங்குகிறார்கள். கிளம்புமுன் அறையிலேயே முடித்துவிட்டு வருவது முதல் வழி. தேரிக்குள் என்றால் இரண்டு பெரிய குடையும் ஒரு பழைய சேலையும் போதும். பாதையிலிருந்தும் சுனை, தருவையிலிருந்தும் குறைந்தது 70 தப்படி விலகி, பனைக்கு மறைவில் ஒரு சாண் ஆழம் தோண்டுங்கள். சின்னக் களைக்கொத்து ஒன்று குழுவுக்கு. காகிதம், நாப்கின் எதையும் புதைக்க வேண்டாம். காற்று இரண்டே நாளில் மேலே கொண்டுவந்துவிடும். ஜிப் வைத்த கவரில் போட்டுத் திரும்பக் கொண்டுவாருங்கள். குழுத்தலைவர் ஆணாக இருந்தால், ஒவ்வொரு நிறுத்தத்திலும் கேட்கக் காத்திராமல் பத்து நிமிடம் அவராகவே விடவேண்டும்.

அனுமதி வாங்க வேண்டுமா? ஞாபகத்துக்கு ஒரு பாட்டில் சிவப்பு மணல் எடுத்து வரலாமா?
– வள்ளியூர் வாசகர்

நீங்கள் நடக்கப்போகும் குதிரைமொழித் தேரியின் பெரும்பகுதி காப்புக்காடு. ரோட்டோரம் இறங்கிப் பார்ப்பது வேறு, குழுவாக உள்ளே நடப்பது வேறு. திருச்செந்தூர் வனச்சரக அலுவலகத்தில் முன்கூட்டியே எழுத்தில் கேளுங்கள். பெயர்ப் பட்டியல், தேதி, நுழையும் இடம், வெளிவரும் நேரம் நான்கும் அதில் இருக்கட்டும். இரவில் தங்குவது, தீ மூட்டுவது வேண்டவே வேண்டாம். காய்ந்த ஓலைக்கு ஒரு பொறி போதும். டிரோன் ஆசை இருந்தால் வீட்டிலேயே வைத்துவிடுங்கள். பக்கத்திலேயே குலசேகரன்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளத்துக்கு 2024-இல் அடிக்கல் நாட்டியிருக்கிறார்கள்.

மணல் எடுக்கக்கூடாது. காப்புக்காட்டிலிருந்து எதை எடுத்தாலும் குற்றம். போதாததற்கு இது கனிம மணல். ஆனால் இதே தேரியில் வருஷத்துக்கு ஒருமுறை ஆயிரக்கணக்கானோர் முந்தானையில் மண் முடிந்துகொண்டு போகிறார்கள். கார்த்திகை மாதக் கடைசியில் கற்குவேல் அய்யனார் கோயிலில் கள்ளர்வெட்டு நடக்கும். கள்ளனுக்குப் பதிலாக இளநீரைத் தேரி மணலில் வைத்து வெட்டுவார்கள். அந்த நீர் சிந்திய மண்ணை அள்ளி வீட்டிலும் வயலிலும் வைத்தால் விளங்கும் என்பது நம்பிக்கை. அந்த ஒரு பிடிக்கும் உங்கள் பாட்டிலுக்கும் உள்ள வித்தியாசம் உங்களுக்கே தெரியும்.

தேரியில் ஆதிமனிதர் கல் ஆயுதம் கிடைக்குமாமே? பிள்ளைகளோடு தேடலாமா?
– திருநெல்வேலி டவுன் ஆசிரியை

கண்ணால் தேடலாம், கையால் கூடாது. தேரிகளில் கிடைத்த நுண்கற்கருவிகளைப் பற்றி தொல்லியல் அறிஞர்கள் ஸாய்னர், ஆல்ச்சின் இருவரும் 1956-இல் விரிவாக எழுதினார்கள். அன்றிலிருந்து இந்த மணல் உலகத் தொல்லியல் வரைபடத்தில் இருக்கிறது. நகம் அளவு, விரல்நுனி அளவுச் சில்லுகள். குவார்ட்ஸும் செர்ட் என்ற கெட்டிக் கல்லும். பிறை வடிவில் ஒரு பக்கம் மழுங்கலாகத் தட்டியிருக்கும், மறுபக்கம் பிளேடு. சாதாரணக் கல் உடைந்தால் அப்படி ஒரே பக்கம் வரிசையாகச் சின்னச் சின்னத் தட்டு விழாது, அதுதான் அடையாளம். காற்று மேல்மணலை வழித்த பள்ளங்களில் தெரியும். பக்கத்தில் ஒரு ரூபாய் நாணயம் வைத்துப் படம் எடுத்து, கிடந்தபடியே விட்டுவாருங்கள். இடத்தை விட்டுப் பெயர்ந்த கருவி வெறும் கல்லுதான்.

அம்மாவுக்கு 66 வயது, முட்டுவலி. கூட்டி வரலாமா?
– ராதாபுரம் வாசகர்

முதல் நாளும் மூன்றாம் நாளும் தாராளமாக. இரண்டாம் நாள் தேரிக்குடியிருப்புக் கோயில் வரை வந்து, ஓர மணலில் பத்து நிமிடம் நடந்துவிட்டு மரநிழலில் இருக்கட்டும். மணலில் கால் புதைந்து திருகுவது முட்டுக்கு ஆகாது. துணைக்கு ஒருவரை நிறுத்துங்கள், தனியாக விட்டுப் போய்விடாதீர்கள்.

சாப்பாட்டுக்கு என்ன கட்டிக்கொண்டு போக?
– முக்கூடல் வாசகி

நடைக்கு முன் ஒரு வாழைப்பழமும் இரண்டு இட்லியும். வழியில் கடலைமிட்டாய், பேரீச்சை, பொரிகடலையோடு ஒரு துண்டு கருப்பட்டி. திரும்பி வந்தபின் புளியோதரையும் துவையலும். தயிர்சாதம் அந்தச் சூட்டில் 9 மணிக்கே புளித்துவிடும். வாழையிலை மடிப்பாகக் கட்டினால் குப்பையும் இல்லை.

பதனீரும் கருப்பட்டியும் நல்லதாக எங்கே, எப்படிப் பார்த்து வாங்குவது?
– சேரன்மகாதேவி வாசகர்

பனையேற்றைப் பார்க்காமல் தேரியைப் பார்த்ததாகச் சொல்ல முடியாது, அதனால் கொஞ்சம் நீட்டியே சொல்கிறோம்.

மாசியில் பாளை இளசாக வரும்போது அதைக் கடிப்பு என்னும் கருவியால் நசுக்கிப் பதப்படுத்தி, நுனியைப் பாளையருவாளால் சீவுவார்கள். காலையும் மாலையும் ஏறிச் சீவவேண்டும். ஒருநாள் விட்டாலும் பாளை அடைத்துக்கொள்ளும். சொட்டுகிற நீர் கலயத்தில் விழும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவியிருந்தால் பதனீர், தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள். உள்ளூரில் "பயினி" என்பார்கள். பதனீர் காய்ச்சும் குடிசையான விடிலிக்குப் போய் "அண்ணாச்சி, பயினி இருக்கா?" என்று கேளுங்கள், பனையோலைப் பட்டையில் ஊற்றித் தருவார்கள். ஓலை வாசத்தோடு குடிக்கிற ருசி டம்ளரில் வராது. காலை 8 மணிக்குள் குடித்துவிடுவது நல்லது. நாக்கு வெந்தாற்போல் எரிந்தால் சுண்ணாம்பு கூடிவிட்டது, அதைக் குடிக்காதீர்கள். நடக்குமுன் ஒரு பட்டை போதும், மூன்று நான்கு குடித்துவிட்டு மேடேறினால் வயிறு கலக்கும். சர்க்கரை நோயாளிகள் தொடவேண்டாம், அது சர்க்கரைத் தண்ணீர்தான்.

காய்ச்சுவது விடிலியில், அநேகமாக வீட்டுப் பெண்கள். ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டுப் பத்து லிட்டர் பதனீர் வேண்டும். பொங்கி வழியாதிருக்க நசுக்கிய ஆமணக்கு விதையைப் போடுவார்கள். நிறம் கறுத்து, குமிழி பெரிதாகி, கரண்டியிலிருந்து தண்ணீரில் விட்டால் உருண்டையாகத் திரண்டால் பதம். உடனே இறக்கிக் கிண்டி, சிரட்டைகளில் ஊற்றவேண்டும். ஒரு நிமிடம் பிந்தினால் பாத்திரத்திலேயே இறுகிவிடும். முந்தினால் சிரட்டையிலிருந்து கழறாமல் பாகாக ஒழுகும்.

உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு இருக்கிறது. பெயர் பெற்றால் போலியும் வரும். சீனி கலந்ததை உடைத்தால் உடைந்த முகத்தில் படிகம் மினுக்கும், நிறம் வெளிறிய மஞ்சள்கபிலமாக இருக்கும், வாயில் வைத்தால் வெறும் இனிப்பு. நல்லது மங்கலாக, கருங்கபிலமாக, லேசான உவர்ப்போடும் புகைவாசத்தோடும் இருக்கும். தண்ணீரில் கரைத்தால் அடியில் கொஞ்சம் மண் தங்கும், அதற்குப் பயப்படாதீர்கள், வடிகட்டினால் போச்சு. விலை மலிவாகச் சொன்னால் வாங்காதீர்கள். எட்டு லிட்டர் பதனீருக்குப் பனை ஏறிய கூலியைக் கணக்குப் போட்டாலே புரியும். வாங்கியதை ஓலைப்பெட்டியில் போட்டு அடுப்படிப் பரணில் வைத்தால் மழைக்காலத்திலும் கசியாது. பிளாஸ்டிக் கவரில் முடிந்தால் ஒரே மாதத்தில் வேர்த்துவிடும்.

தேரியில் நடந்து பழகினால் ராஜஸ்தான் பாலைவன நடைக்குப் போகலாமா?
– நாங்குநேரி வாசகர்

மணலில் கால் வைக்கும் முறை, குழுவைக் கட்டி நடத்துவது, தண்ணீர்க் கணக்கு மூன்றுக்கும் தேரி நல்ல பள்ளிக்கூடம். மற்றபடி இரண்டும் வேறு. ஜெய்சல்மேர் பக்கம் நிஜப் பாலைவனம், ஆண்டு மழை 200 மில்லிமீட்டருக்கும் குறைவு. அங்கே நடை பல நாள் நீளும், சுமையை ஒட்டகம் தூக்கும், இரவில் கூடாரம். நம் ஆட்கள் ஏமாறுவது குளிரில்தான். மார்கழி, தையில் பகலில் பனியன் போதும், ராத்திரி ஒற்றை இலக்க டிகிரிக்கு இறங்கிவிடும். கம்பளியும் குல்லாவும் இல்லாமல் போகாதீர்கள். தேரியில் இரண்டு காலை சேர்ந்தாற்போல் நடந்துவிட்டு, மூன்றாம் நாள் காலையில் கால் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு டிக்கெட் போடுங்கள்.

அய்யனார் கோயில்களில் வேறு ஊர்க்காரர்கள் நுழையலாமா?
– பாவூர்சத்திரம் வாசகி

நுழையலாம். இவை பல குடும்பங்களுக்குக் குலதெய்வக் கோயில்கள். பங்குனி உத்திரத்தன்று வெளியூர்களிலிருந்தெல்லாம் சனம் திரளும், அன்று சுற்றிப்பார்க்க வருகிறவருக்கு இடமிருக்காது. மற்ற நாட்களில் செருப்பைக் கோயில் எல்லைக்கு வெளியே விடுங்கள். மணலாக இருப்பதால் எல்லை எங்கே என்று தெரியாது, பூசாரியிடம் கேட்டுக்கொள்ளுங்கள். அருஞ்சுனையில் சோப்புப் போட்டுக் குளிப்பது, கால் கழுவுவது கூடாது. பொங்கலிடும் குடும்பத்தைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். அவர்களே இலையில் ஒரு கரண்டி சர்க்கரைப் பொங்கல் வைத்துக் கொடுத்தால், "டயட்" என்று சொல்லாமல் வாங்கிச் சாப்பிடுங்கள்.